வேகக் கேமரா: வண்டி ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இ-சலான் மெசேஜ் போனில் வந்து விழுந்த பிறகுதான் நம்மில் பலர் வேகக் கேமராவைப் பற்றி யோசிக்கிறோம். அதனால் பேச்சு முழுக்க அபராதத்தைச் சுற்றியே ஓடுகிறது. சாலையை நடந்து கடப்பவருக்கும், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், எக்செல்லில் மூட்டை கட்டிப் போகிறவருக்கும் அந்தக் கேமரா என்ன செய்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இந்தப் பக்கத்தில் சலான் பற்றிய பதில்களும் உண்டு. ஆனால் அதிக இடம் கொடுத்திருப்பது உயிர் பற்றிய கேள்விகளுக்கு.

சிக்னலில் இருக்கும் சிசிடிவியும் வேகக் கேமராவும் ஒன்றுதானே?

இல்லை. சாதாரண சிசிடிவி படம் பிடிக்கும், வேகத்தை அளக்காது. சிக்னல் கம்பத்தில் தொங்குபவற்றில் சில சிவப்பு விளக்கைத் தாண்டுவதைப் பார்ப்பவை, சில ஹெல்மெட்டைப் பார்ப்பவை, சில நம்பர் பிளேட்டை மட்டும் குறித்துக்கொள்பவை. வேகக் கேமராவில் அளக்கும் கருவியும் படமெடுக்கும் கருவியும் சேர்ந்தே இருக்கும்.

இந்த வேறுபாடு முக்கியம். கேரளத்தில் 2023 ஜூன் முதல் அபராதம் போடத் தொடங்கிய 726 'ஏஐ கேமரா'க்களைப் பற்றி நாடு முழுக்கப் பேச்சு அடிபட்டது. அவற்றில் வேகத்தைப் பிடிக்க வைத்தவை எட்டே எட்டு: நான்கு ஓரிடத்தில் நிற்பவை, நான்கு வண்டியில் எடுத்துச் செல்பவை. மற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை ஹெல்மெட், சீட் பெல்ட் போன்றவற்றைப் பார்ப்பவை. ஆகவே "எங்கள் ஊரில் இத்தனை கேமரா இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அதில் வேகத்துக்கு எத்தனை என்று கேளுங்கள்.

ஓடுகிற வண்டியின் வேகத்தை அது எப்படித்தான் அளக்கிறது?

நான்கு முறைகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது ராடார். கருவியிலிருந்து போகும் ரேடியோ அலை வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அலைவெண் மாறியிருக்கும். ரயிலின் ஹாரன் ஒலி நம்மை நெருங்கும்போது ஒரு சுருதியிலும், கடந்து போனதும் இறங்கிய சுருதியிலும் கேட்பதுபோலத்தான் இதுவும். எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து வேகம் கிடைத்துவிடும்.

இரண்டாவது, போலீஸ்காரர் கையில் பிடிக்கும் லேசர் கன். ஒளித் துடிப்புகள் போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும். அந்தத் தூரம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதுதான் வேகம். மூன்றாவது, தார்ச்சாலைக்கு அடியில் சிறு இடைவெளியில் புதைத்த கம்பிச் சுருள்கள். முதல் சுருளைத் தாண்டி அடுத்ததைத் தொட எவ்வளவு நேரம் ஆனது என்று அது பார்க்கும்.

நான்காவதுக்கு ராடாரும் வேண்டாம், லேசரும் வேண்டாம். சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்கள், இரண்டும் உங்கள் நம்பர் பிளேட்டைப் படித்து நேரத்தைக் குறிக்கும். 80 கிலோமீட்டர் வேக வரம்பு உள்ள சாலையில் 10 கிலோமீட்டரைக் கடக்க ஏழரை நிமிடமாவது ஆக வேண்டும். ஆறு நிமிடத்தில் வந்துவிட்டால் சராசரியாக 100-ல் வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் முறை இதுதான்.

இடையில் ஒரு தகவல். உலகெங்கும் பரவிய 'காட்சோ' கேமராவை உருவாக்கிய நெதர்லாந்துக்காரர் மௌரிஸ் காட்சோனிடெஸ் ஒரு கார்ப் பந்தய வீரர். 1953-ல் மான்டே கார்லோ ராலியை வென்றவர். பந்தயத்தில் வளைவுகளை இன்னும் வேகமாக எடுக்கத் தன் வேகத்தைத் துல்லியமாக அளக்க வேண்டும் என்றுதான் அவர் அந்தக் கருவியை உருவாக்கினார்.

கருவி தப்பாகக் காட்டினால்?

எந்தக் கருவியும் பழுதாகும். அதனால்தான் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் பலர் நினைப்பதுபோல ராடாரின் கோணப் பிழை ஓட்டுநருக்கு எதிரானது அல்ல. சாலைக்குப் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது ராடார் உண்மையைவிடக் குறைந்த வேகத்தைத்தான் காட்டும். அதே சமயம் நம் வண்டியின் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படிதான் பெரும்பாலும் வைக்கப்பட்டிருக்கும். மீட்டரில் 80 என்று பார்த்தவருக்குக் கேமராவிலிருந்து 80-க்கு மேல் என்று நோட்டீஸ் வந்தால், அதைத் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடப் போனால் என்ன ஆகிவிடப் போகிறது?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும்.

நல்ல பிரேக், காய்ந்த சாலை, விழிப்பான ஓட்டுநர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கார் 50-ல் வருகிறது, அதன் பக்கத்து லேனில் இன்னொன்று 65-ல். சென்டர் மீடியன் இடைவெளியிலிருந்து ஒரு பெண் குடத்தோடு சாலையில் இறங்குகிறார். இரண்டு ஓட்டுநர்களும் ஒரே கணத்தில் அவரைப் பார்க்கிறார்கள்.

கண் பார்த்து, கால் பிரேக்கில் இறங்க ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் முதல் கார் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும், இரண்டாவது 18 மீட்டர். பிறகு பிரேக் பிடிக்கிறது. முதல் கார் இன்னொரு 14 மீட்டர் ஓடி, மொத்தம் ஏறத்தாழ 28 மீட்டரில் நிற்கும். அந்தப் பெண் 29-வது மீட்டரில் இருந்தால் ஓட்டுநர் நான்கு வார்த்தை திட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

இரண்டாவது கார் முழுதாக நிற்க 41 மீட்டர் வேண்டும். முதல் கார் நின்றுவிட்ட அந்த 28-வது மீட்டரில் இரண்டாவது கார் எந்த வேகத்தில் இருக்கும்? 10, 15 என்றுதான் மனம் சொல்லும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 50 வருகிறது. பிரேக்கை முழுக்க மிதித்த நிலையிலும் அந்த இடத்தை அது 50-ல் கடக்கிறது. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காவதால், வரும் விளைவு இது. பிரேக் நம் உள்ளுணர்வுப்படி வேலை செய்வதில்லை.

உலக சுகாதார அமைப்பு சொல்லும் கணக்கும் இதையே காட்டுகிறது. காரின் முன்பக்கம் மோதும் வேகம் 50-லிருந்து 65 ஆனால், நடந்து போகிறவர் இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்காகிறது. சாலையில் ஓடும் வண்டிகளின் சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால், உயிர் போகும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும்.

இந்தியாவில் 2022-ல் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் வந்தவர்கள், ஏறத்தாழ 20 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். மூன்றில் இரண்டு பேர் அளவுக்குத் தங்களைச் சுற்றி இரும்புக் கூடே இல்லாதவர்கள். அடுத்தவர் வேகத்துக்கு உயிரைக் கொடுப்பவர்கள் இவர்கள்தான்.

ஆனால் நேரம் மிச்சமாகிறதே?

60 கிலோமீட்டர் பைபாஸ் பயணத்தை 80-ல் போனால் 45 நிமிடம், 100-ல் போனால் 36 நிமிடம். மிச்சம் ஒன்பது நிமிடம், அதுவும் வழியில் டோல்கேட்டே இல்லாவிட்டால். நகரத்துக்குள் 10 கிலோமீட்டரை 50-க்குப் பதில் 60-ல் ஓட்டினால் இரண்டு நிமிடம் மிச்சம். அதை அடுத்த சிக்னல் எடுத்துக்கொள்ளும்.

கேமரா வைத்தால் விபத்து உண்மையிலேயே குறைகிறதா? ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தரம் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, 2010-ல் வேகக் கேமராக்கள் பற்றிய 35 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. கேமராக்களுக்கு அருகே விபத்துகள் 8 முதல் 49 சதவீதம் வரை குறைந்திருந்தன. உயிரிழப்பும் படுகாயமும் தரும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன. எண்களில் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருப்பதற்குக் காரணம் சாலையும் நாடும் முறையும் வேறு வேறாக இருப்பதுதான். எத்திசையில் போகிறது என்பதில் மட்டும் குழப்பமே இல்லை, எல்லாம் குறைவை நோக்கித்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஓர் இடத்தில் ஒரு வருடம் தற்செயலாக விபத்துகள் கூடிப்போகும். அதைப் பார்த்து அங்கே கேமரா வைப்பார்கள். அடுத்த வருடம் எண்ணிக்கை தானாகவே வழக்கமான அளவுக்கு இறங்கும். புகழ் முழுக்கக் கேமராவுக்குப் போய்விடும். அதனால் 'முன்பு இத்தனை, பின்பு இத்தனை' என்று மட்டும் சொல்லும் அறிக்கைகளை அப்படியே நம்ப வேண்டாம். கேமரா வைக்காத, அதே மாதிரியான சாலையோடு ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி ஒப்பிட்ட நல்ல ஆய்வுகளிலும் பலன் தெரிகிறது. அளவு மட்டும் சற்றுக் குறையும்.

நாடு முழுவதற்குமான உதாரணம் பிரான்ஸ். அங்கே 2002-ல் 7,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். 2003 இறுதியில் தானியங்கிக் கேமராக்கள் வரத் தொடங்கின. 2010-ல் எண்ணிக்கை 4,000-க்குக் கீழே வந்துவிட்டது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான கெடுபிடி, லைசென்ஸ் புள்ளி முறை எல்லாம் சேர்ந்து தந்த பலன் அது. ஆனால் கேமராவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பின்னர் 2018 இறுதியில், எரிபொருள் வரிக்கு எதிராகத் தொடங்கிய 'மஞ்சள் மேலாடை' போராட்டம் வெடித்தபோது, நாட்டின் கேமராக்களில் ஏறத்தாழ 60 சதவீதம் உடைக்கப்பட்டோ பெயின்ட் பூசப்பட்டோ போனதாக உள்துறை அமைச்சரே சொன்னார். 2019-ன் முதல் இரண்டு மாதங்களிலும் சாலை மரணங்கள் முந்தைய ஆண்டைவிடக் கூடின.

கேமராவைத் தாண்டியதும் எல்லோரும் ஆக்சிலேட்டரை முறுக்குகிறார்களே, அப்புறம் என்ன பயன்?

உண்மை. நெடுஞ்சாலையில், சாலைக்குக் குறுக்கே கேமராவைத் தாங்கி நிற்கும் எந்த இரும்பு வளைவுக்குப் பக்கத்திலும் ஓரமாக நின்று பார்க்கலாம். எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டதும் பிரேக் விளக்குகள் வரிசையாகச் சிவக்கும். வண்டிகள் நல்ல பிள்ளைகளாக வளைவுக்குக் கீழே நுழையும். ஒரு இருநூறு மீட்டர் தாண்டியதும் இன்ஜின் சத்தம் மாறும். ஆம்னி பஸ், கார், லோடு வண்டி என்று எதுவும் விலக்கல்ல.

லண்டன் பொருளாதாரப் பள்ளியிலிருந்து 2017-ல் வந்த ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. கேமராவிலிருந்து 500 மீட்டருக்குள் விபத்துகளும் மரணங்களும் நன்றாகக் குறைந்திருந்தன. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் மறுபடி தலைதூக்கும் அறிகுறி இருந்தது. அதாவது, ஒற்றைக் கேமரா ஓர் இடத்தைக் காக்கும், சாலையைக் காக்காது. பள்ளிக்கூட வாசல், ஊருக்குள் நுழையும் சந்திப்பு போன்ற இடங்களுக்கு அது போதும்.

நீண்ட சாலைக்கு வேண்டியது மேலே சொன்ன சராசரி வேகக் கேமரா. தாண்டியதும் முறுக்கினால் அடுத்த கேமராவில் மாட்டுவீர்கள். இத்தாலி 2005-ல் தன் அதிவேகச் சாலைகளில் 'டூட்டர்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. ஏ1 சாலையின் ஒரு பகுதியில் செய்த ஆய்வில் விபத்துகள் சராசரியாக 31 சதவீதம் குறைந்திருந்தன. அதே ஆய்வில் என்னை யோசிக்க வைத்த விஷயம் வேறு: முதல் ஆறு மாதத்தில் ஏறத்தாழ 39 சதவீதமாக இருந்த பலன், இரண்டரை ஆண்டில் 18 சதவீதமாகச் சரிந்திருந்தது. சலான் ஒழுங்காக வருகிறதா, வரவில்லையா என்பதை ஓட்டுநர்கள் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். கேமரா வைத்தவர்கள் தூங்கிவிட்டால் பலனும் தேய்ந்துவிடும்.

நம் நாட்டில் மும்பை - புனே விரைவுச் சாலையில் 2024-ல் இயங்கத் தொடங்கிய கண்காணிப்பு அமைப்பு சராசரி வேகத்தையும் கணக்கிடுகிறது. பாஸ்டேக் மூலம் ஒவ்வொரு டோல்கேட்டிலும் வண்டி எண்ணும் நேரமும் ஏற்கெனவே பதிவாகும் நாட்டில், இந்த முறை எப்போதோ எல்லா நான்கு வழிச்சாலைகளுக்கும் வந்திருக்க வேண்டும்.

கேமராவைப் பார்த்து ஒருவர் திடீரென்று பிரேக் அடித்தால் பின்னால் வருபவர் மோத மாட்டாரா?

நடக்கலாம். முன்கூட்டியே தெளிவாகத் தெரியும் பலகை இல்லாத இடத்தில்தான் இந்த ஆபத்து அதிகம். சராசரி வேகக் கேமராவில் இந்தப் பிரச்சினையே இல்லை, அங்கே திடீர் பிரேக்கால் ஒரு லாபமும் கிடையாது.

கேமரா இருக்கும் இடத்தைப் பலகை வைத்துச் சொல்லிவிட்டால் திருடனுக்கு முன்னறிவிப்புக் கொடுத்த மாதிரி ஆகாதா?

நோக்கம் ஆளைப் பிடிப்பது என்றால் ஆகும். நோக்கம் அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பது என்றால், பலகைதான் முதல் வேலைக்காரன். ஸ்வீடனில் கிராமப்புறச் சாலைகளில் விபத்து நடந்த பகுதிகளைப் பார்த்துக் கேமரா வைக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் முன்பு பலகை வைக்கிறார்கள். எல்லாக் கேமராவும் எல்லா நேரமும் இயங்குவதும் இல்லை. மேப் செயலி 'முன்னால் கேமரா' என்று குரல் கொடுப்பதும் இதே காரணத்தால் எனக்கு மகிழ்ச்சிதான். மறைத்து வைத்துப் பிடிப்பதற்கும் சில நாடுகளில் இடம் கொடுக்கிறார்கள். ஆனால் மக்களுக்கு நம்பிக்கை வராத இடத்தில் அதிலிருந்து தொடங்குவது நல்லதல்ல.

இதெல்லாம் அரசாங்கத்தின் வசூல் வேட்டைதானே?

இந்தச் சந்தேகத்தை நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். இறக்கத்தின் அடியில், ஆள் நடமாட்டமே இல்லாத அகலமான சாலையில், வேக வரம்புப் பலகையை மரக்கிளை மறைத்திருக்கும் இடத்தில் கேமரா வைத்தால் மக்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? அப்படிப்பட்ட ஒரு கேமரா, சரியான இடத்தில் நிற்கும் பத்துக் கேமராக்களின் பேரையும் கெடுத்துவிடும். கேமராவை நிறுவும் தனியார் நிறுவனத்துக்கு ஒரு சலானுக்கு இவ்வளவு என்று பங்கு கொடுக்கும் ஒப்பந்தமும் அப்படித்தான். சலான் எண்ணிக்கை கூட வேண்டும் என்று நிறுவனம் விரும்பும், குறைய வேண்டும் என்று சாலை விரும்பும். இரண்டும் ஒத்துப்போகாது.

என் அளவுகோல் இது: கேமரா வைத்த இடத்தில் வருடத்துக்கு வருடம் சலான் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் கொட்டிக்கொண்டே இருந்தால் பலகை சரியில்லை, அல்லது சாலை வடிவமைப்பே வேகத்தைத் தூண்டுகிறது, அல்லது வேக வரம்பு அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. அதை ஆராயாமல் பணத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் மக்கள் சொல்லும் குற்றச்சாட்டு சரிதான்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டம் நிதி வெட்டு காரணமாக 2010-ல் தன் கேமராக்களை அணைத்தது. வண்டிகள் வேகமெடுத்தன. 2011 ஏப்ரலில் மறுபடி இயக்கினார்கள்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தம் 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. நெடுஞ்சாலைகளிலும் நகரங்களிலும் மின்னணுக் கண்காணிப்பை மாநிலங்கள் ஏற்படுத்த வேண்டும் என்கிறது அது. 2021-ல் வந்த 167ஏ விதி நடைமுறையைச் சொன்னது: கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், கண்காணிப்பு இருப்பதைச் சொல்லும் பலகை வேண்டும், நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் படம், இடம், நாள், நேரம், அளந்த வேகம் எல்லாம் பதிவாக வேண்டும், 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

இந்தப் பிரிவு ஏட்டோடு நின்றுவிடாமல் இருக்க ஒரு கோவை மருத்துவரின் வழக்கு பெரிதும் காரணம். எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான் சாலைப் பாதுகாப்புக்கு நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் குழு அமைந்தது. அதே வழக்கில் 2024 செப்டம்பரில், 136ஏ பிரிவை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

சட்டத்தின் 183-வது பிரிவில் பலர் கவனிக்காத இரண்டு வரிகள் உண்டு. ஒன்று: "இவர் வேகமாகப் போனார்" என்று ஒரே ஒரு சாட்சி தன் கண்ணால் பார்த்த கணிப்பை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது, அந்தக் கணிப்பு ஒரு கருவியின் அளவீட்டைச் சார்ந்திருக்க வேண்டும். கருவி ஓட்டுநருக்கும் பாதுகாப்புதான். இரண்டு: வேக வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத கால அட்டவணையை ஒரு முதலாளி விதித்தால், அந்த அட்டவணையே அவருக்கு எதிரான முதல்நிலைச் சாட்சி ஆகும். இரவுப் பேருந்துகளுக்கும் டெலிவரி வேலைக்கும் இந்த வரி முழுவீச்சில் பயன்பட வேண்டும் என்பது என் ஆசை. வண்டி ஓட்டும் பையனுக்குச் சலான் போகிறது, 'இத்தனை நிமிடத்தில் போ' என்று சொன்னவரை யாரும் கேட்பதில்லை.

அபராதம் எவ்வளவு?

மத்தியச் சட்டப்படி கார் போன்ற இலகுரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. நடுத்தர, கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 வரை. மறுபடி மறுபடி மாட்டினால் லைசென்ஸும் கையை விட்டுப் போகும்.

சென்னையில் வேக வரம்பு என்ன?

2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தபடி கார் 60, கனரக வண்டி 50, பைக் 50, ஆட்டோ 40. குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30. இந்த 30-ஐத்தான் யாரும் மதிப்பதில்லை. பந்து விளையாடும் பிள்ளைகள் இருக்கும் தெருவும் இதுதான்.

வண்டி என் பேரில், ஓட்டியது வேறு ஒருவர். சலான் யாருக்கு?

நோட்டீஸ் பதிவுச் சான்றில் இருக்கும் உரிமையாளருக்குத்தான் வரும். ஓட்டியது யார் என்று காவல்துறை கேட்டால் விவரம் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு. வண்டியை விற்றவர்கள் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாமல் முடியுங்கள். இல்லாவிட்டால் முகம் தெரியாதவர் ஓட்டிய வேகத்துக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

சலான் தவறு என்று நினைத்தால்?

முதலில் படத்தைத் திறந்து பாருங்கள். வண்டி உங்களுடையதா, நம்பரில் 8-ஐ 3 என்று படித்திருக்கிறார்களா, இடம், நேரம் பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் கட்டாமல் எதிர்த்து முறையிடுங்கள். நீதிமன்றத்தில் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்த நேரத்தில் வண்டி வேறு இடத்தில் இருந்ததைக் காட்டும் பார்க்கிங் ரசீது, பாஸ்டேக் பதிவு போன்றவற்றை எடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் சலான் வந்திருக்கிறது, ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்கிறது.

திறக்காதீர்கள். போனில் செயலியை ஏற்றும் ஏபிகே ஃபைலாக எந்தச் சலானும் வராது, அது உங்கள் வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் மோசடி. மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய், வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அந்த மெசேஜை அழித்துவிடலாம்.

அப்படியானால் எல்லா இடத்திலும் கேமரா வைத்துவிட்டால் போதுமா?

போதாது. தர்மபுரி - சேலம் நடுவே தொப்பூர் கணவாயைப் பாருங்கள். கிலோமீட்டர் கணக்கில் தொடர் இறக்கம், பாரம் ஏற்றிய லாரிகள், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டும் பழக்கம், சூடேறிப் பிடிக்காமல் போகும் பிரேக். அங்கே கேமராவும் வேக வரம்பும் உதவும், ஏனென்றால் லோ கியரில் மெதுவாக இறங்குகிறவருக்குப் பிரேக் சூடேறாது. ஆனால் ஏற்கெனவே பிரேக் போன லாரியைக் கேமரா நிறுத்தாது. சாலையின் சரிவையே மாற்றுவதுதான் நிலையான தீர்வு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022-ல் நாட்டில் நடந்த விபத்துகளில் 72 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு, 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அதிவேகம் பெரிய காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்பது எஃப்.ஐ.ஆரில் பழக்கத்தால் எழுதப்படும் வரி. தெருவிளக்கு இல்லாதது, மீடியனை உடைத்துப் போட்ட வழி, சர்வீஸ் ரோடு இல்லாமல் நேராக நெடுஞ்சாலையில் ஏறும் கிராமத்துப் பாதை இவையெல்லாம் அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. ஊரை இரண்டாகப் பிளந்து நான்கு வழிச்சாலை போட்டுவிட்டு, மக்கள் கடக்கச் சுரங்கப்பாதை கொடுக்காமல், ஒரு கேமராவை மட்டும் நட்டுவிட்டுப் போவதை நான் சாலைப் பாதுகாப்பு என்று ஏற்க மாட்டேன்.

எங்கள் ஊர்ச் சந்திப்பில் அடிக்கடி விபத்து நடக்கிறது. கேமரா வேண்டும் என்று யாரிடம் கேட்பது?

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவை அந்தக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நகலைக் காவல் கண்காணிப்பாளருக்கும், தேசிய நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கும் அனுப்புங்கள்.

"அடிக்கடி விபத்து" என்று மட்டும் எழுதினால் மனு கோப்பில் தூங்கும். எந்த நாள், எத்தனை மணி, நடந்து போனவரா பைக்கில் வந்தவரா, மோதியது எந்த வண்டி, எந்தக் காவல் நிலைய வழக்கு எண் என்று கடந்த மூன்று ஆண்டுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். பால் சொசைட்டியிலும் டீக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் விசாரித்தால் பாதி கிடைத்துவிடும், மீதி காவல் நிலையத்தில் கிடைக்கும். சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் தரவுத் தளத்தில் விபத்துகள் இடத்தோடு பதிவாகின்றன. உங்கள் பட்டியலை அதோடு ஒப்பிடுமாறு மனுவிலேயே எழுதுங்கள். சந்திப்பை நான்கு திசையிலிருந்தும் இரவில் எடுத்த படங்களை இணையுங்கள். கேமராவோடு சேர்த்து விளக்கு, வேக வரம்புப் பலகை, கடக்கும் வழி என்று எது இல்லையோ அதையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேமராவுக்கு டெண்டர் முடிய மாதங்கள் ஆகும், பலகையும் விளக்கும் அதற்கு முன்பே வந்துவிடலாம்.